இரும்பு வளையமும் அணங்கின் மாளிகையும்

முன்னுரை

மக்கள் வாழ்வோடு ஒட்டி வளர்ந்த நம்பிக்கைகள், அவ்வாழ்வு மாறுங்கால் என்ன ஆகின்றன என்பது இலக்கிய ஆராய்ச்சியாளர் எண்ணிப் பார்க்கத்தக்க வினா. ஆற்றங்கரையிலும் மலைச்சாரலிலும் உறைவதாகக் கருதப்பட்ட தெய்வம், ஆறு தூர்ந்து மலை உடைபட்டபின் எங்கே உறையும்? நாட்டுப்புறத்துக்கே உரியதென எண்ணப்பெற்ற அணங்கு, புகையும் இரும்பும் நிறைந்த பெருநகரத்தில் எவ்வாறு பிழைக்கும்? இவ்வினாக்களை வரலாற்று நூலார் ஒருவகையாற் கேட்பர். சமய நூலார் மற்றொருவகையாற் கேட்பர். புனைவிலக்கியமோ அவற்றைக் கதைமாந்தரின் பசியாகவும் அச்சமாகவும் மாற்றிக் கேட்கும்.

அவ்வாறு கேட்கும் நாவல்களுள் குறிப்பிடத்தக்க ஒன்று, மரீ பிரென்னன் என்னும் அமெரிக்க ஆசிரியை 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'வித் ஃபேட் கன்ஸ்பயர்' என்பது. 'ஊழொடு சூழ்ந்து' என இத்தலைப்பைத் தமிழாக்கலாம். விக்டோரியா அரசியார் காலத்து இலண்டன் மாநகரம் இதன் களம். அந்நகரின் கீழே அணங்கினர் வாழும் மாளிகை ஒன்றுண்டு. மேலே மக்கள் இருப்புப்பாதை அமைக்கின்றனர். பாதை வளையமாக முற்றுப்பெறும் நாளில் மாளிகை அழியும். இத்துணைச் சிறிய கரு, 1884-ஆம் ஆண்டின் வரலாற்றோடு பின்னிப் பெருங்கதையாக விரிகின்றது.

மாயப் புனைவுகளைப் பொழுதுபோக்கு நூல்கள் என ஒதுக்கி, ஆராய்ச்சிக்கு உரியன அல்ல என்பாரும் உளர். அக்கருத்து எல்லா நூல்களுக்கும் பொருந்தாது என்பது எம் துணிபு. இரும்புக்கு அணங்கு அஞ்சும் என்னும் பழைய நம்பிக்கை இந்நாவலில் குடியிருப்பு இழந்தோரின் துயரைச் சொல்லும் கருவியாக மாறியிருத்தலையும், அத்துயரை ஆசிரியர் விடாது பற்றி நிற்கும் இடங்களில் நூல் உயர்தலையும், விட்டு நீங்கும் இடங்களில் நெகிழ்தலையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தலைப்பும் சொல்லும்

நூலின் தலைப்பு, எட்வர்ட் ஃபிட்ஜெரால்டு 1859-இல் ஆங்கிலமாக்கி வெளியிட்ட உமர் கய்யாம் பாடல்களினின்று எடுக்கப்பெற்றது. அவ்வாங்கில வடிவத்தைத் தழுவிக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை தமிழில் பாடியிருத்தலை யாவரும் அறிவர். உலகின் அமைப்பை மாற்றி மீண்டும் வனைய விரும்பும் வேட்கையைச் சொல்லும் பாடற்பகுதி அது. அவ்வேட்கை கதையின் பிற்பகுதியில் எந்திர வடிவில் மீண்டும் தலைகாட்டும் என்பதை மேலே காண்போம்.

தலைப்புக்கு மற்றுமொரு நுட்பம் உண்டு. 'ஃபே', 'ஃபேரி' என்னும் சொற்கள் பழம் பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தை அடைந்தவை. அவற்றின் வேர், இலத்தீன மொழியில் ஊழ்த்தெய்வங்களைக் குறித்த 'ஃபாட்டா' என்பது என்பர் சொல்லாராய்ச்சியாளர். ஊழைக் குறிக்கும் 'ஃபேட்' என்னும் சொல்லும் அவ்வேரினின்று கிளைத்ததே. எனவே தலைப்பிலேயே அணங்கின் பெயர் மறைந்து நிற்கின்றது. பிறர்க்கு ஊழை வகுத்தவர் எனப்பட்டோர், தமக்கு வந்த ஊழை எதிர்த்து நிற்க நேர்ந்த கதையே இந்நாவல் எனின் மிகையாகாது.

இவ்வினத்தாரைத் தமிழில் எச்சொல்லாற் குறிப்பது? 'தேவதை' என்பது வழிபாட்டுக்குரிய தெய்வத்தைச் சுட்டும். 'பேய்' என்பது பெரும்பாலும் இறந்தோரின் ஆவியைச் சுட்டும். ஆங்கில நாட்டுக் கதைகள் கூறும் இனமோ, வணங்கப்படுவதும் அன்று, இறந்தோர் கூட்டமும் அன்று. மக்களுக்கு அருகே, கண்ணிற்படாது, தனக்கென அரசும் வழக்கமும் கொண்டு வாழ்வது. குறித்த இடங்களைப் பற்றி உறைவதும் தீண்டியோரை வருத்துவதும் ஆகிய இயல்புகளை நோக்கின், சங்க இலக்கியத்து 'அணங்கு' என்னும் சொல்லே ஒருவாறு நெருங்கி வருகின்றது. அச்சொல்லின் முதற்பொருள் தெய்வமா, வருத்தும் ஆற்றலா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வாராய்ச்சிக்குட் புகாது, வசதி நோக்கி 'அணங்கினர்' என்றே இங்கு வழங்குகின்றோம்.

நிலமும் பொழுதும்

முதற்பொருள் நிலமும் பொழுதும் எனக் கொள்ளும் தமிழ் மரபினர்க்கு இந்நாவலின் அமைப்பு எளிதிற் புலனாகும். நிலமும் பொழுதும் இதில் கதைக்குப் பின்னே விரிக்கப்பட்ட திரையாக நில்லாமல், கதையையே நடத்துகின்றன.

நிலத்தினடியே ஓடும் இருப்புப்பாதைகளுள் உலகில் முதலாவது, 1863-ஆம் ஆண்டு சனவரி 10-ஆம் நாள் இலண்டனில் பாடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே மக்கள் பயணத்துக்குத் திறக்கப்பட்டது. அக்காலத்தில் மின்வண்டி இல்லை. நிலக்கரி எரித்து ஓடும் நீராவி வண்டிகளே சுரங்கத்தினுள் சென்றன. மின்னாற்றல் இப்பாதையில் 1905-இல்தான் வந்தது. தெருவை அகழ்ந்து, பாதையிட்டு, மேலே மூடும் முறையிலேயே அப்பணி பெரும்பாலும் நடைபெற்றது. ஆதலின் தெருவும் தெருவோரத்து வீடுகளும் இடிபட்டன. இரண்டு கும்பினிகளின் பூசலால் நெடுங்காலம் முற்றுப்பெறாதிருந்த உள்வட்டப் பாதை 1884-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் முழு வளையமாயிற்று. நாவலின் கதை அவ்வாண்டின் தொடக்கத்தில் எழுந்து, அந்நாளை நோக்கியே விரைகின்றது.

அணங்கினரின் உறைவிடம் ஆனிக்ஸ் மாளிகை எனப்படும். ஆனிக்ஸ் என்பது கரிய பட்டைகளையுடைய மணிக்கல். இம்மாளிகை பழைய இலண்டன் மதிலோடும் இலண்டன் கல்லோடும் பிணைக்கப்பட்டது என்பது கதை. மதிலும் கல்லும் கற்பனை அல்ல. மதில், உரோமானியர் ஏறத்தாழக் கி.பி. 200-ஐ ஒட்டி எழுப்பியது. கல், கானன் தெருவில் இன்றும் காணப்படுவது. 19-ஆம் நூற்றாண்டில் அது தூய சுவிதின் திருக்கோயிலின் சுவரில் பதிக்கப்பட்டிருந்தது. அக்கோயில் 1941-இல் குண்டுவீச்சுக்கு இரையாயிற்று, கல் பிழைத்தது, 2018-இல் புதிதாக அமைத்த மாடத்தில் மீண்டும் வைக்கப்பட்டது. உள்வட்டப் பாதையின் இறுதிப்பகுதி கானன் தெருவின் அடியிலேயே செல்கின்றது. கோபுரக் குன்றின் அருகே பழைய மதிலின் ஒரு பகுதியும் அப்பாதைக்காக இடிக்கப்பட்டது. ஆசிரியர் வரலாற்றில் உள்ள பொருள்களை எடுத்து, அவற்றின் இடையே ஒரு பிணைப்பை மட்டும் புதிதாகப் படைத்துள்ளார். படைப்பின் நம்பகத்தன்மை இதனால் விளைகின்றது.

இந்நூல் ஒரு வரிசையின் நான்காவது நூல். 2008-இல் வெளிவந்த முதல் நூல் முதலாம் எலிசபெத் அரசியார் காலத்தையும், இரண்டாவது 1666-ஆம் ஆண்டுப் பெருந்தீயையும், மூன்றாவது 1759-இல் மீண்டும் தோன்றிய ஹேலி வால்மீனையும் பற்றியவை. அந்நூல்களில் பகைவர் கொடிய அரசியாகவும் தீயாகவும் வந்தனர். பகைவருக்கு முகமோ நோக்கமோ இருந்தது. நான்காம் நூலில் அழிவைக் கொணர்வது ஒரு கட்டுமானப் பணி. பாதை போடுவோர்க்குக் கீழே ஒரு மாளிகை உண்டு என்பதே தெரியாது. பகையின்றி நிகழும் இவ்வழிவே முன்னைய நூல்களினும் அச்சம் தருவதாக உள்ளது.

விடைபெறும் மரபு

இரும்பைக் கண்டு அணங்கு அஞ்சும் என்பது பல நாட்டு மக்களிடத்தும் உள்ள நம்பிக்கை. பேய் அணுகாதிருக்க இரும்பைக் கையிற் கொள்ளும் வழக்கம் தமிழகத்திலும் உண்டு. ஸ்காட்லாந்தில் அபர்ஃபாயில் ஊர்ச் சமயகுருவாகிய ராபர்ட் கர்க் 1691-இல் எழுதி, 1815-இல் அச்சேறிய நூலும் இதனைக் குறிப்பிடுகின்றது.

இதனோடு ஆங்கில இலக்கியத்தில் மற்றொரு மரபும் நெடுங்காலமாக வருகின்றது. அதனை 'விடைபெறும் மரபு' என்னலாம். அணங்கினர் முன்பு இருந்தனர், இப்போது போய்விட்டனர் என்று ஒவ்வொரு தலைமுறையும் கூறும். 14-ஆம் நூற்றாண்டிலேயே சாசர், துறவிகள் பெருகியதால் அணங்கினர் மறைந்தனர் என எள்ளல் தோன்றக் கதைமாந்தர் ஒருத்தியின் வாயிலாகச் சொல்லுவித்தார். ஹ்யூ மில்லர் என்னும் நிலவியல் அறிஞர், ஸ்காட்லாந்தை விட்டு அவர்கள் நீங்கிய செய்தியை 1841-ஆம் ஆண்டு நூலிற் பதிவு செய்தார். கிப்ளிங் 1906-இல் எழுதிய சிறுவர் நூலில் அவர்கள் கடல் கடந்து செல்லும் கதை உண்டு. சமயப் பூசலும் கல்வியும் புகைவண்டியும் மாறி மாறிக் காரணங்களாகக் காட்டப்பட்டன. இக்கதைகளின் சுவை பெரும்பாலும் ஏக்கம். விடைபெறுவோர் அழகாக விடைபெறுவர், இருப்போர் பெருமூச்செறிவர், கதை முடியும்.

பிரென்னன் அம்மரபைத் தலைகீழாக்குகின்றார். அவர் கேட்பது, அணங்கினர் ஏன் போயினர் என்பதை விட, போக இடமில்லாதவர் என்ன செய்வர் என்பதே. செல்வாக்குடையோர் தப்பிச் செல்லுதற்கு வழி தேடுகின்றனர். எளியோர் இடிந்த அறையை விட்டு இடியாத அறைக்கு நகர்கின்றனர். அங்கே முன்பே குடியேறியவரோடு போராடுகின்றனர். இடம் சுருங்கச் சுருங்க வாடகை ஏறுவது போல, மாளிகை சுருங்கச் சுருங்க அடிமைத்தனமும் பெருகுகின்றது. விடைபெறுதலில் இருந்த அழகு இங்கே முற்றும் நீங்கிவிட்டது.

இதன் உண்மை நிலத்தின்மேல் நடந்த வரலாற்றை நோக்கின் விளங்கும். இருப்புப்பாதைச் சட்டமுன்வரைவு கொணர்வோர், இடிக்கப்படும் எளியோர் வீடுகளின் கணக்கைத் தெரிவித்தல் வேண்டும் என ஆங்கில நாடாளுமன்றம் 1853-இல் விதித்தது. அக்கணக்குகளை ஆராய்ந்த வரலாற்றறிஞர் எச். ஜே. டையாஸ், 1901 வரையில் இலண்டனில் 70,000-க்கு மேற்பட்டோர் இவ்வாறு இடம்பெயர்க்கப்பட்டனர் எனக் காட்டினார். கணக்கெழுதுதல் நடந்தது, மாற்று வீடு பெரும்பாலும் தரப்படவில்லை. நாவலில் அணங்கினர் அடையும் துன்பம் இவ்வெளியோரின் துன்பமே. அவர்கள் பெயர் அந்தக் கணக்கிலும் ஏறவில்லை என்பது ஒன்றே வேற்றுமை.

ஈண்டு மணிமேகலையை நினைவு கூர்தல் தகும். அக்காப்பியத்தில் இந்திரவிழா மறக்கப்பட்டமையால் புகார் நகரைக் கடல் கொண்டது. தெய்வத்தைப் புறக்கணித்ததால் நகரம் அழிந்தது. இந்நாவலிலோ நகரம் வளர்வதால் தெய்வத்தை ஒத்தோர் அழிகின்றனர். நகரும் அதனை உறைவிடமாகக் கொண்ட ஆற்றலும் ஒன்றையொன்று பற்றி நிற்பன என்னும் எண்ணம் இரண்டிற்கும் பொது. காரண காரியம் மட்டும் இடம் மாறியுள்ளது.

உணவும் தெய்வமும்

கருப்பொருள்களை எண்ணும் தொல்காப்பியர், தெய்வத்தை முதலிலும் உணவை அதனையடுத்தும் வைத்தார். அவ்விரண்டும் ஒரு நிலத்தில் அடுத்தடுத்து நிற்பதன் பொருத்தத்தை இந்நாவல் எதிர்பாரா வகையில் காட்டுகின்றது.

அணங்கினர் இரும்பின் தீமையினின்றும் திருப்பெயரின் ஆற்றலினின்றும் தப்ப ஒரே வழி உண்டு. மக்கள் தம் விருப்போடு அவர்க்கெனப் படைத்த அப்பத்தை உண்ணுதல் வேண்டும். உண்டபின் சிறிது காலம் காப்பு நிற்கும். இது நாட்டுப்புற வழக்கத்தினின்று பெற்ற கருத்து. வீட்டுத் தெய்வத்துக்குப் பாலும் அப்பமும் வைக்கும் பழக்கம் ஆங்கில நாட்டுச் சிற்றூர்களில் இருந்தது. ஆசிரியர் அதனைப் பெருநகரத்துக்குக் கொணர்ந்து, அதன் விளைவுகளை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிப் பார்க்கின்றார். நகர மக்கள் படைத்தலை மறந்தனர். அப்பம் அருகியது. இரும்போ நாள்தோறும் பெருகியது. எனவே அப்பத் துண்டே நாணயமாயிற்று. கூளிச் சந்தை எனப்படும் பகுதியில் அப்பத்துக்காக எதனையும் விற்பர், எவரையும் விற்பர்.

கூளிச் சந்தை என்னும் பெயரைக் கேட்டவுடன் கிறிஸ்டினா ரொசெட்டி 1862-இல் வெளியிட்ட கவிதை நினைவுக்கு வரும். அங்கே கூளிகள் மக்களுக்குக் கனி விற்றன. ஒரு பெண் தன் பொற்கூந்தலின் சுருள் ஒன்றை விலையாகக் கொடுத்தாள். உணவு கூளிகளிடத்தும் பசி மக்களிடத்தும் இருந்தன. இந்நாவலில் பசி கூளிகளிடம் வந்துவிட்டது. ரொசெட்டியின் சந்தை ஆசையின் சந்தை. பிரென்னனின் சந்தை பஞ்சத்தின் சந்தை. பெயரை எடுத்துக்கொண்டு பொருளை மாற்றிய இத்திறம் பாராட்டுக்குரியது.

மனமுவந்து படைத்தாலன்றி அப்பம் பயன்படாது என்னும் விதியும் கருதத்தக்கது. திருடிய உணவு காவாது. ஆதலின் அணங்கின் வாழ்வு, தன்னை மறந்துவிட்ட மக்களின் ஈகையையே சார்ந்து நிற்கின்றது. வலியார் எனப்பட்டோர் எளியாரின் நல்லெண்ணத்தால் வாழ்தல் என்னும் இம்முரண், நூல் முழுதும் ஓடும் அடிநீரோட்டம் ஆகும்.

நினைவும் கண்ணாடியும்

கதையின் இரு தலைமாந்தருள் ஒருவன் டெட் ரிக். அவன் ஸ்கிரைக்கர் இனத்தான்; நாயாகவும் மனிதனாகவும் உருமாறுவான். லங்காஷயர், யார்க்ஷயர் பகுதிகளில் இறப்பை முன்னறிவிக்கும் கரிய நாயாக மக்கள் அஞ்சியது இவ்வினம். அத்தகையவன் இந்நாவலில் நாட்ரெட் என்னும் சந்தைத் தலைவனின் அடிமை. அவனுடைய நினைவுகள் பறிக்கப்பட்டுக் கண்ணாடித் தகடுகளில் அடைக்கப்பட்டுள்ளன. ஏவல் மறுத்தால் தகடு ஒன்று உடையும். உடைந்த நினைவு மீளாது.

இக்கற்பனைக்குக் காலப் பொருத்தம் உண்டு. ஒளிப்படங்கள் கண்ணாடித் தகடுகளில் பிடிக்கப்பட்ட காலம் அது. ஆவிகளைப் படம் பிடித்ததாகக் கூறி 1860-களிலேயே சிலர் பொருளீட்டினர். 1917-இல் காட்டிங்லி என்னும் ஊரில் இரு சிறுமியர் எடுத்த அணங்குப் படங்களை ஆர்தர் கோனன் டாயில் 1920-இல் உண்மையென உலகுக்கு அறிவித்ததும், அவை புனைந்தவை என அவ்விருவரும் முதுமையில், 1983-இல் ஒப்புக்கொண்டதும் பலரும் அறிந்தவை. அணங்கைப் பிடித்துவைக்கும் கருவியாக ஒளிப்படத்தை மக்கள் கருதினர். நாவல் அக்கருத்தைச் சொல்லுக்குச் சொல் மெய்யாக்கி, பிடித்துவைத்தல் என்பது சிறைவைத்தலே எனக் காட்டுகின்றது.

இடமிழத்தலும் நினைவிழத்தலும் இங்கே ஒன்றையொன்று விளக்குகின்றன. மாளிகையின் சுவர் ஒவ்வொன்றாக விழுவது போல டெட் ரிக்கின் கடந்த காலமும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கின்றது. தான் யாரென அறியாதவன் எவனுக்கும் அடிமையாவான். இதனைச் சொற்பொழிவாக உரைக்காமல், கண்ணாடி உடையும் ஓசையால் ஆசிரியர் உணர்த்தியுள்ளார்.

மேலும் கீழும்

மற்றொரு தலைமாந்தர் எலைசா ஓ'மாலி. ஒயிட்சாப்பல் பகுதியில் வளர்ந்த ஐரிஷ் குடிப்பெண். அவள் காதலித்த ஓவன் என்பானை ஏழாண்டுகளுக்கு முன் அணங்கினர் கொண்டுசென்றனர். எவரும் நம்பாத அவ்வுண்மையைப் பற்றிக்கொண்டு அவள் தேடுகின்றாள். 1845-இல் தொடங்கிய அயர்லாந்துப் பெரும்பஞ்சம் எண்ணற்றோரை இலண்டனுக்குத் துரத்தியது. 1883-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் நிலத்தடிப் பாதையில் ஃபீனியர் வைத்த வெடிகள் வெடித்தபின், ஐரிஷ் மக்கள் அனைவரும் ஐயத்துக்கு உள்ளாயினர். எலைசாவும் அவ்வையத்துக்கு இலக்காகின்றாள். பணிப்பெண்ணாகச் சேர்வதற்கு ஆங்கிலப் பெயரொன்றைப் புனைந்துகொள்கின்றாள்.

அவள் பணிசெய்யும் கெண்சிங்டன் மாளிகையில் வேறொரு மாற்றமும் நிகழ்கின்றது. சைமா என்னும் அணங்கு, அவ்வீட்டு மகளின் உருவை மேற்கொண்டு அவளிடத்தில் அமர்கின்றது. குழந்தையை எடுத்துக்கொண்டு மாற்றுக் குழந்தையை வைத்துச் செல்லுதல் பழங்கதைகளில் உள்ள செய்தி. அங்கே அது தீங்கின் செயல். இங்கே வீடிழந்த ஒருத்தியின் தஞ்சம். ஒரே கூரையின்கீழ் ஒருத்தி பொய்ப்பெயரோடு பணிப்பெண்ணாகவும், ஒருத்தி பொய்முகத்தோடு தலைமகளாகவும் வாழ்கின்றனர். இருவர்க்கும் வேண்டியது தங்க ஓரிடம். வருணனை எதுவுமின்றி, இருவரையும் ஒரு வீட்டில் வைத்த அமைப்பினாலேயே ஆசிரியர் தம் கருத்தை நிறுவிவிட்டார்.

எலைசா தேடும் பகைவன் டெட் ரிக்கே. ஒருகாலத்தில் அவளுக்கும் ஓவனுக்கும் தோழனாயிருந்து, பின் ஓவனைக் காட்டிக்கொடுத்தவன் அவன். அச்செயல் அவன் நினைவில் இல்லை. குற்றம் செய்தவனுக்குக் குற்றம் தெரியாது. துன்புற்றவளுக்கு அவன் நிலை தெரியாது. பழிவாங்கப் புறப்பட்டவள் தன்னினும் கொடிய இழப்புக்கு உள்ளானவனை எதிர்ப்படும் காட்சியே நூலின் நடுநாயகம் என்பது எம் கருத்து. பொறுத்தல் எளிதன்று என்பதும், பொறுத்தலின்றி இருவர்க்கும் வழியில்லை என்பதும் அங்கே ஒருங்கே புலப்படுகின்றன.

மொழிநடை பற்றியும் ஒன்று கூறலாம். டெட் ரிக் இலண்டன் கீழ்த்தெருப் பேச்சையே பேசுகின்றான். முதல் நூலில் அரசவை மொழி பேசிய அணங்கினத்தின் கதையை, நான்காம் நூலில் தெருமொழி பேசுவோன் நடத்துகின்றான். மாளிகையில் அரசிக்கு இணையாக நின்று ஆளும் மனிதத் தலைவரும் முன்னைய நூல்களில் உயர்குடியினராக இருந்தனர். இதில் வரும் ஹாட்ஜ் உழைப்பாளர் குடியினன். காலம் மாறியதை ஆசிரியர் மாந்தரின் பேச்சிலும் பிறப்பிலும் பதித்துள்ளார்.

எந்திரமும் மாயமும்

நீராவிக் காலத்து எந்திரங்களைக் கொண்டு நிகழாத வரலாற்றைப் புனையும் நாவல் வகைக்கு 'ஸ்டீம்பங்க்' என்பது பெயர். கே. டபிள்யூ. ஜீட்டர் என்னும் எழுத்தாளர் 1987-இல் இச்சொல்லை வழங்கினார். கிப்சனும் ஸ்டெர்லிங்கும் சேர்ந்தெழுதி 1990-இல் வெளிவந்த நாவல் இவ்வகைக்குப் பெரும்புகழ் தந்தது. சார்லஸ் பாபேஜ் 1830-களில் திட்டமிட்ட பகுப்பாய்வு எந்திரம் அவர் வாழ்நாளில் முற்றுப்பெறவில்லை. முற்றுப்பெற்றிருந்தால் உலகம் எவ்வாறிருக்கும் என்னும் வினாவே இவ்வகை நாவல்களின் ஊற்று. பூவேலைத் தறியில் அட்டைத் துளைகளால் கோலம் நெய்யும் முறையைப் பாபேஜ் தம் எந்திரத்துக்குக் கொண்டார். அதனை அடா லவ்லேஸ் 1843-ஆம் ஆண்டுக் குறிப்புகளில் நெசவோடு ஒப்பிட்டு விளக்கினார்.

இவ்வகை நாவல்களுட் பல, பித்தளைச் சக்கரங்களையும் புகைக்குழாய்களையும் அணிகலன்களாகவே பூட்டிக்கொள்ளும். பிரென்னனின் நூலில் எந்திரம் தேவையினின்று பிறக்கின்றது. மாளிகையில் காலெனிக் கழகம் என்னும் அறிவுக்கூடம் ஒன்றுண்டு. அரபு நாட்டு ஜின்னும் செருமானியக் குள்ளரும் மானிட அறிஞரும் அங்கே கூடி, மாயத்தின் விதிகளை அறிவியல் முறையால் ஆராய்கின்றனர். அழியும் இருப்பிடத்துக்கு மாற்று இருப்பிடத்தைக் கருவியால் ஆக்கவியலுமா என்பதே அவர்தம் ஆராய்ச்சி. உலகை மீண்டும் வனையும் வேட்கை எனத் தலைப்புப் பற்றிக் கூறியது இங்கே வடிவு பெறுகின்றது. மாயமும் எந்திரமும் பகை என்னும் பழைய கோட்பாட்டை ஆசிரியர் ஏற்கவில்லை. எந்திரம் யார் கையில், எவர் பொருட்டு இயங்குகின்றது என்பதே அவர் கேட்கும் வினா.

குறைகள்

நிறை கூறியதோடு அமைதல் திறனாய்வு ஆகாது. இந்நூலின் பெருங்குறை நாட்ரெட் என்னும் கொடியோனைப் படைத்த முறையில் உள்ளது. முகமில்லாத அழிவே இந்நாவலின் தனிச்சிறப்பு என்றோம். ஆனால் கதை பாதியைக் கடந்தபின், துன்பங்கள் பல ஒருவனது கொடுமையால் விளைந்தனவாகக் காட்டப்படுகின்றன. கொடியவனை வென்றால் துன்பம் நீங்கும் என்னும் எண்ணம் படிப்போர் உள்ளத்தே எழுகின்றது. இருப்புப்பாதையோ அவனால் வந்தது அன்று. அவன் வீழ்ச்சியால் நிற்பதும் அன்று. பஞ்சத்தில் கொள்ளை லாபம் பெறுவோன் உண்டு. பஞ்சத்துக்கு அவனே காரணம் ஆகான். இவ்வேறுபாட்டை நூலின் முற்பகுதி தெளிவாக உணர்ந்துள்ளது. பிற்பகுதி சில இடங்களில் மறந்துவிடுகின்றது.

இரண்டாவது, எந்திரத்தின்பால் ஆசிரியர் வைத்த நம்பிக்கை சிறிது விரைவானது. கழகத்தார் அறிவுடையர், நல்லெண்ணமுடையர். ஆயினும் சந்தையில் பட்டினி கிடப்போர் அவ்வாராய்ச்சியில் என்ன பங்கு பெறுகின்றனர் என்பது போதிய அளவு காட்டப்படவில்லை. அறிஞர் சிலர் வகுத்த திட்டத்தால் மக்கள் வாழ்வு மாறுதல் விக்டோரியா காலத்தார் பெரிதும் நம்பிய கருத்தாகும். இருப்புப்பாதையை வகுத்தோரும் அவ்வாறே நம்பினர். இவ்வொற்றுமையை ஆசிரியர் இன்னும் கூர்ந்து நோக்கியிருப்பின் நூல் மேலும் ஆழம் பெற்றிருக்கும்.

மூன்றாவது, முன்னைய மூன்று நூல்களைக் கல்லாதார்க்குச் சில மாந்தரின் பெயரும் உறவும் மயக்கம் தருவன. வரிசை நூல்களுக்கு இது பெரும்பாலும் தவிர்க்கவியலாத குறை; ஆதலின் இதனைப் பெரிதுபடுத்த வேண்டுவதில்லை. நூலின் முடிவை இங்கு விரித்துரைத்தலும் வேண்டா. படிப்போர் தாமே காணுதல் நலம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படும். 'ஊழொடு சூழ்ந்து' என்னும் இந்நாவலில் நிலம் இலண்டன்; பொழுது 1884; கருப்பொருள் இரும்பும் அப்பமும் கண்ணாடியும்; உரிப்பொருள் இருப்பிடம் இழத்தல். இரும்புக்கு அஞ்சுதல் என்னும் பழைய நம்பிக்கையை அழகுக்காகப் பயன்படுத்தாமல், வீடிழந்தோர் வாழ்வை அளக்கும் அளவுகோலாக்கியது ஆசிரியரின் தனித்திறம். விடைபெறும் மரபில் ஏக்கமாக நின்ற சுவை, இவர் கையில் அவலமாகி, அவலத்தினின்று உறுதியாகவும் வளர்கின்றது.

மாயப் புனைவு வாழ்வை விட்டு ஓடுவது என்னும் கருத்துக்கு இந்நூல் தக்க மறுமொழி. 1884-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாளைப் போக்குவரத்து வரலாறு ஒரு வெற்றிநாளாகக் குறிக்கும். அவ்வளையத்துக்காக வீடு துறந்தோர் எங்கே உறங்கினர் என்பதை அவ்வரலாறு விரித்துரைப்பதில்லை. அணங்கினரைப் படைத்து அவ்வினாவை எழுப்பியிருக்கின்றது இந்நாவல்.

தமிழிலும் நகர வளர்ச்சியும் தெய்வ நம்பிக்கையும் எதிர்ப்படும் இடங்களைப் புனைவிலக்கியம் எவ்வாறு கையாண்டுள்ளது என்பதை முதுகலை மாணாக்கர் இம்முறையில் ஆராய்தல் தகும். ஒப்பிடுங்கால் ஒற்றுமைகளைத் தேடி மகிழ்வதோடு நில்லாமல், காரண காரியம் எங்கே இடம் மாறுகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும்.